விலை ஏறினால் டிக்கெட்டை வாங்காமல் விட்டால் போதாதா?

கேள்வி இது: "இங்கிலாந்து பிரீமியர் லீக் கிளப்புகள் வருஷா வருஷம் சீசன் டிக்கெட் விலையை ஏற்றுகின்றன. ரசிகர்கள் பதாகை பிடிக்கிறார்கள், கத்துகிறார்கள், கடைசியில் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். பேசாமல் எல்லோரும் புதுப்பிக்காமல் விட்டால் கிளப் வழிக்கு வந்துவிடாதா? போராடி விலை இறங்கிய உதாரணம் ஒன்றாவது உண்டா?"

உண்டு, ஒன்றுக்கு மேலேயே உண்டு. ஆனால் அவற்றில் எதுவும் சீசன் டிக்கெட்டை விட்டுக்கொடுத்து ஜெயித்தது இல்லை. ஏன் என்று புரிய, சீசன் டிக்கெட் கிளப்பின் கணக்கில் என்னவாக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பிரீமியர் லீக்கில் 20 அணிகள். ஆக ஒரு சீசன் டிக்கெட் என்றால் குறிப்பிட்ட ஓர் இருக்கை, 19 சொந்த மைதான லீக் ஆட்டங்கள். கோப்பை ஆட்டங்கள் சில கிளப்புகளில் இதற்குள் அடங்கும், பலவற்றில் தனிக்காசு. மொத்த விலையை 19-ஆல் வகுத்துப் பார்த்தால், ஒற்றை ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்குகிறவர் கொடுப்பதைவிட அது பெரும்பாலும் குறைவாகத்தான் வரும். அதாவது, கிளப்பின் வாசலில் நிற்கிற வாடிக்கையாளர்களில் தலைக்குக் குறைந்த வருமானம் தருபவர் இந்த நிரந்தர ரசிகர்தான். அவர் கோபித்துக்கொண்டு எழுந்துபோனால் அந்த இருக்கை காலியாகக் கிடக்காது. மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல் போன்ற கிளப்புகளில் காத்திருப்போர் பட்டியல் வருஷக்கணக்கில் நீள்கிறது. பட்டியலில் அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அல்லது ஆட்டத்துக்கு ஆட்டம் தனித்தனியாக விற்கலாம். இடம் நன்றாக இருந்தால் சாப்பாடும் பானமும் சேர்த்த 'ஹாஸ்பிடாலிட்டி' இருக்கையாக மாற்றிப் பல மடங்கு விலைக்கு விற்கலாம். வெளியூரிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர் ஜெர்சி, கழுத்துத் துண்டு என்று கடையிலும் செலவழிப்பார். முப்பது வருஷமாக வருகிறவர் ஒரு தேநீரோடு நிறுத்திக்கொள்வார். இந்தக் கணக்கு நிர்வாகத்துக்கு நன்றாகவே தெரியும். புதுப்பிக்காமல் விடுவது அவர்களுக்கு மிரட்டலே இல்லை. சில சமயம் அது அவர்கள் வேலையைச் சுலபமாக்கிக் கொடுப்பதுதான்.

காத்திருப்போர் பட்டியல் இல்லாத சின்னக் கிளப்புகளில், குறிப்பாகக் கீழ் டிவிஷன்களில், இது அப்படியே தலைகீழ். அங்கே 2,000 பேர் புதுப்பிக்காவிட்டால் கோடை மாதச் சம்பளப் பட்டுவாடாவே ஆட்டம் காணும். ஜூன், ஜூலையில் லீக் ஆட்டம் கிடையாது, கல்லாவில் விழுகிற காசு சீசன் டிக்கெட் காசுதான். எனவே "வாங்காதே" என்கிற ஆயுதம் உங்கள் கிளப்புக்கு வேலை செய்யுமா என்று அறிய ஒரே சோதனை, பட்டியல் இருக்கிறதா என்பது.

இப்போது கிளப் சொல்லும் காரணத்தைப் பார்ப்போம். செலவு ஏறிவிட்டது, செலவுக்கு வரம்பு வைக்கிற லீக் விதி இருக்கிறது, ஆகவே ஒவ்வொரு பவுண்டும் முக்கியம் என்பார்கள். இதைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு கிளப்பில் 30,000 சீசன் டிக்கெட், ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 40 பவுண்டு ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12 லட்சம் பவுண்டு. டிக்கெட் விலைக்குள்ளேயே 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி இருக்கிறது. அது போனால் கிளப் கையில் நிற்பது 10 லட்சம். 52 வாரத்தால் வகுத்தால் வாரத்துக்குச் சுமார் 19,000 பவுண்டு. மாற்று ஆட்டக்காரர்கள் வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் வாரச் சம்பளத்துக்குக்கூட இது பல கிளப்புகளில் காணாது. 2022-23 பருவத்தில் பிரீமியர் லீக் கிளப்புகளின் கூட்டு வருமானம் சுமார் 610 கோடி பவுண்டு. அதில் ஆட்ட நாளில் மைதானத்தில் வந்த மொத்தக் காசு 87 கோடிக்குள், ஏழில் ஒரு பங்கு. அந்த ஏழில் ஒன்றிலும் ஹாஸ்பிடாலிட்டி ஒரு பெரிய கட்டி. மிச்சம் தொலைக்காட்சியும் விளம்பரமும். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இங்கே உவமையே இல்லை, வரவு செலவுக் கணக்கு.

எதிர்ப்பின் பலமும் இதே கணக்கிலிருந்துதான் வருகிறது. டிக்கெட் ஏற்றத்தால் கிடைப்பது சொற்பம். ஆனால் தொலைக்காட்சிக்கும் விளம்பரதாரருக்கும் கிளப் விற்கிற சரக்கில் முக்கியமானது, நிரம்பி வழிந்து பாடிக்கொண்டிருக்கும் கூட்டம். அந்தச் சரக்கை உற்பத்தி செய்கிறவர்கள் ரசிகர்கள். பத்து லட்சம் பவுண்டுக்காக அந்தப் படத்தைக் கெடுத்துக்கொள்ள எந்த நிர்வாகமும் விரும்பாது. ஜெயித்த எதிர்ப்புகள் எல்லாம் இந்த இடத்தில்தான் கை வைத்தன.

மிகத் துல்லியமாகச் செய்தவர்கள் லிவர்பூல் ரசிகர்கள். 2016 பிப்ரவரி தொடக்கத்தில் கிளப் அடுத்த பருவத்துக்கான விலைப் பட்டியலை வெளியிட்டது. அதன் மைதானமான ஆன்ஃபீல்டின் மெயின் ஸ்டாண்டு, அதாவது பிரதான பார்வையாளர் மாடம், அப்போது விரிவாக்கத்தில் இருந்தது. சுமார் 8,500 புது இருக்கைகள் வரவிருந்தன. பட்டியலில் 9 பவுண்டு டிக்கெட்டும் இருந்தது, கிளப் அதைத்தான் முன்னால் வைத்துப் பேசியது. உச்ச விலையோ 59-லிருந்து 77 பவுண்டாக ஏறியது. உச்ச சீசன் டிக்கெட் 869-லிருந்து 1,029. ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லி, ஸ்பையன் காப் 1906 என்ற இரண்டு ரசிகர் அமைப்புகளும் ஒரே ஒரு செயலை அறிவித்தன: பிப்ரவரி 6, சண்டர்லாண்டுக்கு எதிரான ஆட்டம், 77-ஆவது நிமிடத்தில் எழுந்து வெளியே போகிறோம்.

அந்த நிமிடத் தேர்வில் எவ்வளவு வேலை நடக்கிறது பாருங்கள். விலையும் நிமிடமும் ஒரே எண். விளக்கத் துண்டுச்சீட்டே தேவையில்லை; வர்ணனையாளர் ஏன் போகிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தாலே 77 பவுண்டு என்று சொல்லியாக வேண்டும். அந்த நேரம் லிவர்பூல் 2-0 என்று முன்னிலையில் இருந்தது. தோற்கிற ஆட்டத்தில் எழுந்து போனால் ஆட்டம் பிடிக்காமல் போகிறார்கள் என்றுதான் திரையில் தெரியும். ஜெயிக்கிற ஆட்டத்தில் பத்தாயிரம் பேர் என்று மதிப்பிடப்பட்ட கூட்டம் எழுந்தால் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. அவர்கள் போனபின் சண்டர்லாண்டு இரண்டு கோல் அடித்து 2-2 என்று முடிந்தது தற்செயல், ஆனால் அந்தத் தற்செயல் மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. நான்கே நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கடிதம் எழுதினார்கள். 77 போயிற்று, 59-உம் 869-உம் இரண்டு பருவங்களுக்கு உறைந்தன, எதிரணியைப் பார்த்து விலையை மாற்றுகிற தரவரிசையும் ஒழிந்தது.

அந்த வெற்றியின் பின்னால் மூன்று வருஷ உழைப்பு உண்டு. 2013 ஜனவரியில் ஆர்சனல் மைதானத்தில் வெளியூர் ரசிகர், அதாவது எதிரணியோடு வருகிறவர், உட்காரும் பகுதிக்கு 62 பவுண்டு என்றதும், மான்செஸ்டர் சிட்டி தனக்கு ஒதுக்கிய 3,000 டிக்கெட்டில் 912-ஐத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. ஆட்டம் முடிந்ததும் ஒரு லைன்ஸ்மேனே சிட்டி வீரர்களிடம், அங்கே இருப்பவர்கள் 62 பவுண்டு கொடுத்து வந்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்று சொன்னது கேமராவில் பதிவானது. கால்பந்து ரசிகர் கூட்டமைப்பு அந்த மாதமே வெளியூர் டிக்கெட்டுக்கு 20 பவுண்டு போதும் என்ற இயக்கத்தைத் தொடங்கியது. பரம எதிரிக் கிளப்புகளின் ரசிகர்கள் ஒன்றாக லண்டனில் லீக் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். ஆன்ஃபீல்டு வெளிநடப்பு முடிந்து ஒரே மாதத்தில், 2016 மார்ச்சில், 20 கிளப்புகளும் ஒருமனதாக வெளியூர் டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு வைத்தன. கேட்டது 20, கிடைத்தது 30. ஆனால் அந்த 30 அதன்பிறகு நீட்டிக்கப்பட்டுக்கொண்டே வந்தது, ஏறவில்லை. உள்ளூர் விலைகள் அத்தனை ஏறிய காலத்தில், விலைவாசியோடு ஒப்பிட்டால் வருஷா வருஷம் மலிவாகிற ஒரே டிக்கெட் அதுதான். சதவீதம் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. ஓர் எண்ணைக் கேட்டதால் நடந்தது.

ஜெர்மனியிலும் அதே வாரம் ஒன்று நடந்தது. 2016 பிப்ரவரி 9, ஸ்டுட்கார்ட்டில் கோப்பைக் காலிறுதி. டிக்கெட் விலை 70 யூரோ வரை போனதால் டார்ட்முண்டு ரசிகர்கள் முதல் 20 நிமிடம் உள்ளே வரவில்லை. வந்தபின் களத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசினார்கள். 'பிரமாதமான டென்னிஸ்' என்பது ஜெர்மன் பேச்சுவழக்கில் 'அமர்க்களம்' என்பதற்குக் கிண்டலாகச் சொல்வது, அதுதான் சிலேடை. டென்னிஸ் பந்துக்கு ஒரு செய்முறை நன்மையும் உண்டு: யாருக்கும் அடிபடாது, ஆனால் ஒவ்வொன்றாகப் பொறுக்கும்வரை ஆட்டம் நிற்கும். 2023-24 குளிர்காலத்தில் லீக்கின் ஊடக உரிமையில் முதலீட்டாளருக்குப் பங்கு கொடுக்கும் திட்டத்தை இதே பந்துகள்தான் முடக்கின. அங்கே கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்ற 50+1 விதி இருப்பதால் நிர்வாகத்துக்குக் காதும் கொஞ்சம் கூர்மை. டார்ட்முண்டு ரசிகர்கள் 2010-லேயே, பக்கத்து ஊர்ப் பரம எதிரியான ஷால்க்கேயின் மைதானத்தில் நடந்த ஆட்டத்தை, நின்று பார்க்கும் இடத்துக்கு 20 யூரோ கேட்டார்கள் என்பதற்காகப் புறக்கணித்தவர்கள்.

இதைப் பார்த்து இங்கிலாந்தில் பந்து வீசக் கிளம்பக் கூடாது. அங்கே 1991 கால்பந்துக் குற்றங்கள் சட்டப்படி களத்தை நோக்கியோ கூட்டத்தை நோக்கியோ எதை வீசினாலும் குற்றம், அனுமதியின்றிக் களத்தில் இறங்கினாலும் குற்றம். மாட்டினால் மைதானத் தடை உத்தரவு, கையிலிருக்கும் சீசன் டிக்கெட்டும் போகும். அதனால்தான் ஆங்கில ரசிகர்களின் உத்திகள் எல்லாம் எழுவது, திரும்புவது, தாமதமாக வருவது, அட்டை காட்டுவது என்றே இருக்கின்றன. ஃபுல்ஹாமில் புது ரிவர்சைடு ஸ்டாண்டில் சீசன் டிக்கெட் 3,000 பவுண்டைத் தொட்டபோது ரசிகர்கள் மஞ்சள் அட்டை தூக்கினார்கள். டாட்டன்ஹாமில் முதியோர் சலுகைக்காக 65-ஆவது நிமிடத்தில் களத்துக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். 2025 ஏப்ரலில் சிட்டி ரசிகர்கள் டிக்கெட் மறுவிற்பனை நிறுவனம் ஒன்றோடு கிளப் கைகோத்ததை எதிர்த்து முதல் ஒன்பது நிமிடம் இருக்கைக்கே வரவில்லை.

வெளியே போவதைவிட உள்ளே வராமல் நிற்பது பல வகையில் நல்ல உத்தி. வெளியேறினால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். அதற்குத் துணிகிறவர் குறைவு. தாமதமாக வருவதில் ஆட்டத்தில் பத்து நிமிடம்தான் நஷ்டம், அதனால் அதிகம் பேர் சேருவார்கள். ஆட்டம் தொடங்கும் நேரத்தில்தான் கேமராவும் மைதானம் முழுவதையும் காட்டும். ஓர் ஆபத்து உண்டு: எல்லோரும் ஸ்டாண்டுக்குக் கீழே உள்ள நடைக்கூடத்தில் அடைந்து நின்றுவிட்டு ஒரே நொடியில் ஒரே படிக்கட்டில் ஏறினால் நெரிசல். அதை முன்கூட்டியே கிளப்பின் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் தடுத்துவிடுவார்களே என்று பயந்து மறைக்க வேண்டாம். பதாகை என்றால் தீப்பிடிக்காத துணி என்ற சான்று கேட்பார்கள். சான்று இல்லாத பெரிய துணியை வாசலிலேயே பிடுங்கிவிட அது போதுமான சாக்கு.

இனி, இப்போதைய விலை ஏற்றம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். தலைப்பில் வரும் சதவீதத்தை மட்டும் பார்க்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 2024-க்குப் பிறகு பெரிய சண்டை எல்லாம் சலுகை விலையைப் பற்றியது. டாட்டன்ஹாம் 2024-இல் 6 சதவீத ஏற்றத்தோடு, 2025-26 முதல் புதிதாக முதியோர் சலுகை கிடையாது என்றது. வெஸ்ட் ஹாம் விலை கூடிய பகுதிகளில் சலுகையை எடுத்தது. மான்செஸ்டர் யுனைடெட் 2024 நவம்பரில், பருவத்தின் நடுவிலேயே, உறுப்பினர்களுக்கு விற்க மிச்சமிருந்த ஒற்றை ஆட்ட டிக்கெட்டுகளைக் குழந்தை, முதியவர் வித்தியாசம் இல்லாமல் 66 பவுண்டு ஆக்கியது. அதற்கு முன் 25 பவுண்டுக்குக் குழந்தையை அழைத்துப்போக முடிந்தது.

இதன் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று ஓர் எடுத்துக்காட்டு. பெரியவர் விலை 1,000 பவுண்டு, 65 வயதானவருக்குப் பாதி, அதாவது 500. கிளப் 6 சதவீதம் ஏற்றுகிறது. பெரியவர் விலை 1,060. கூடவே முதியோர் சலுகையை 50-லிருந்து 45 சதவீதமாகக் குறைக்கிறது. முதியவர் கட்ட வேண்டியது 1,060-இல் 55 சதவீதம், 583 பவுண்டு. அவருக்கு ஏற்றம் 6 அல்ல, 16.6 சதவீதம். அடுத்த வருஷம் 'விலையில் மாற்றமில்லை' என்று அறிவித்துவிட்டுச் சலுகையை 40 ஆக்கினால் அவர் கட்டுவது 636. மாற்றமே இல்லாத வருஷத்தில் அவருக்கு 9 சதவீதம் கூடிவிட்டது.

விலைப் பட்டியல் கையில் வந்ததும் சதவீதத்தை விட்டுவிட்டு வேறு சிலவற்றைத் தேடுங்கள். சலுகை தொடங்கும் வயது 65-லிருந்து 66 ஆகியிருக்கிறதா, இளையோர் வயது வரம்பு இறங்கியிருக்கிறதா. போன வருஷம் இரண்டாம் தர விலைப் பகுதியில் இருந்த உங்கள் வரிசை இந்த வருஷம் முதல் தரத்தில் சேர்ந்திருக்கிறதா. வரைபடத்தில் கோட்டைச் சற்றே நகர்த்தினால் 'ஏற்றம்' என்ற சொல்லே இல்லாமல் ஏற்றலாம். கோப்பை ஆட்டங்களுக்குத் தானாகக் காசு பிடிக்கும் ஏற்பாடு கட்டாயமா. தவணையில் கட்டினால் வட்டி உண்டா, அந்தக் கடன் எந்த நிதி நிறுவனத்தின் பெயரில் போகிறது. இத்தனை ஆட்டம் வந்தாக வேண்டும் என்ற நிபந்தனை உண்டா. வர முடியாத ஆட்டத்தைக் கிளப் வழியாகவே திருப்பி விற்றால் உங்களுக்கு 19-இல் ஒரு பங்கு முழுதாகக் கிடைக்கிறதா, பிடித்தம் போகிறதா. ஷிப்டு வேலைக்குப் போகிறவருக்கும் உடம்பு சரியில்லாத முதியவருக்கும் விலையைவிடக் கடைசி இரண்டும்தான் டிக்கெட்டைப் பறிக்கும்.

எதிர்ப்புகள் தோற்பது பெரும்பாலும் காலம் தவறுவதால். பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் விலை அறிவிப்பு வரும். புதுப்பிக்கச் சில வாரம் கெடு. அறிவிப்பு வந்தபின் கூட்டம் கூட்டி, கடிதம் எழுதி, பதாகை தைத்து முடிப்பதற்குள் பாதிப் பேர் பயந்து பணத்தைக் கட்டியிருப்பார்கள். 'நம் ரசிகர்களில் 90 சதவீதம் பேர் புதுப்பித்துவிட்டார்கள்' என்று கிளப் ஒரு செய்தி விடும், கதை முடிந்தது. விலை முடிவாவது அறிவிப்புக்குப் பல வாரம் முன்பு, அடுத்த வருஷ வரவு செலவுத் திட்டத்தில். அதனால் கோரிக்கை போய்ச் சேர வேண்டியது நவம்பர், டிசம்பரில்.

அடுத்த தவறு, கோரிக்கையைக் கூட்டாஞ்சோறாக ஆக்குவது. விலையைக் குறை, உரிமையாளரே வெளியேறு, பயிற்சியாளரை மாற்று என்று மூன்றும் ஒரே பதாகையில் வந்தால், கிளப் எதற்கும் பதில் சொல்லாது. அணி மூன்று ஆட்டம் ஜெயித்தால் கூட்டமும் கலைந்துவிடும். எல்லா எதிர்ப்பும் பலிக்கும் என்றும் இல்லை. யுனைடெட் ரசிகர்கள் 66 பவுண்டை எதிர்த்துத் தெருவில் நின்றும் 2025-26 சீசன் டிக்கெட் 5 சதவீதம் ஏறியது. 16 வயதுக்குட்பட்டவர் விலை மட்டும் ஏறவில்லை. அதே பருவத்துக்கு லிவர்பூலும் சிட்டியும் விலையை ஏற்றாமல் விட்டன.

முற்றாக விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. 2005-இல் கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கியபோது ஒரு பகுதி ரசிகர்கள் விலகி, எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்ற கிளப்பையே தொடங்கி, ஆளுக்கு ஒரு வாக்கு என்று நடத்துகிறார்கள். 2015-இல் சொந்த மைதானமும் கட்டினார்கள். மரியாதைக்குரிய முடிவு. ஆனால் யுனைடெட்டின் மைதானமான ஓல்டு டிராஃபோர்டு விலைப் பட்டியலில் அது ஒரு பென்னியையும் குறைக்கவில்லை.

விலை இப்படித்தான் ஏற வேண்டும் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. மைதான நெரிசலில் 97 உயிர்களைப் பலிகொண்ட 1989 ஹில்ஸ்பரோ பேரழிவுக்குப் பிறகு, 1990 ஜனவரியில் வந்த நீதிபதி டெய்லரின் அறிக்கைதான் பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது. அதே அறிக்கை, நின்று பார்த்தவர்களின் கைக்கு எட்டும் விலையில் மலிவு இருக்கைகள் வைக்க முடியும் என்று சொல்லி, கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் இருக்கை 6 பவுண்டு, நிற்க 4 பவுண்டு என்று உதாரணமும் காட்டியது. இருக்கையைப் போட்டார்கள், அந்தப் பத்தியை மட்டும் மறந்துவிட்டார்கள்.

2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறி, தனி ஒழுங்குமுறை அமைப்பும் வந்திருக்கிறது. அது விலையை நிர்ணயிக்காது. டிக்கெட் விலை பற்றி ரசிகர்களைக் கலந்து பேச வேண்டும் என்பதைக் கிளப்பின் கடமையாக்குகிறது. பிரீமியர் லீக் கிளப்புகளில் ஏற்கெனவே ரசிகர் ஆலோசனைக் குழு உண்டு. கலந்து பேசுவது என்றால் முடிவெடுத்தபின் ஒரு மணிநேரம் ஸ்லைடு காட்டுவது என்றுதான் பல நிர்வாகங்கள் புரிந்துகொண்டிருக்கின்றன. அதை முறியடிக்க, குழுவில் இருப்பவர்கள் இலையுதிர் காலக் கூட்டத்திலேயே ஒரு தாளை எழுத்தில் கேட்டு வாங்கட்டும்: ஒவ்வொரு விலைத் தரத்திலும், ஒவ்வொரு சலுகை வகையிலும் கடந்த மூன்று பருவங்களில் எத்தனை இருக்கைகள் விற்றன என்ற எண்ணிக்கை. 'குறைந்தபட்ச விலை இவ்வளவுதான்' என்று கிளப் எப்போதும் சொல்லும். அந்த விலைக்கு எத்தனை இருக்கை இருக்கிறது என்பதை, கேட்காமல் சொல்லாது.